ஒரே சிறுநீர், இரண்டு தீர்ப்புகள்: ஊக்கமருந்து வழக்கில் சைக்கிள் வீரரை யார் விசாரிப்பது?

2010 ஜூலை 21 அன்று, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஓய்வு நாளில், போ நகரில் தங்கியிருந்த ஸ்பெயின் வீரர் ஆல்பெர்டோ கான்டடோரிடம் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் அதில் மில்லிலிட்டருக்கு 50 பிக்கோகிராம் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருப்பதைக் கண்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா தன் ஆய்வகங்களுக்கு அப்போது விதித்திருந்த கண்டறியும் திறன் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம், அதாவது 2000 பிக்கோகிராம். கிடைத்ததோ அதில் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் அந்த மருந்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு என்று அன்று எதுவும் கிடையாது. துளி இருந்தாலும் விதிமீறல்தான். 2011 பிப்ரவரியில் ஸ்பெயின் சைக்கிள் சம்மேளனம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஓராண்டு கழித்து, 2012 பிப்ரவரி 6 அன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டுகளுக்கான நடுவர் மன்றம், சுருக்கமாகக் காஸ், அதே சிறுநீரையும் அதே எண்ணையும் வைத்துக்கொண்டு இரண்டாண்டுத் தடை விதித்து, 2010 டூர் பட்டத்தையும் இடையில் வென்றிருந்த 2011 ஜீரோ டி இத்தாலியா பட்டத்தையும் பறித்தது.

வாடாவின் விதித்தொகுப்பு 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை முதலில் கையிலெடுத்து ஒரு வீரரை விசாரிக்கும் இடம் காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறிவந்திருக்கிறது. சொந்த நாட்டுச் சம்மேளனம், அமெரிக்க முறையிலான நடுவர் குழு, உலக சைக்கிள் சங்கமான யுசிஐயின் சொந்தத் தீர்ப்பாயம், எந்த மன்றமும் பார்க்காமலேயே கோப்பு மூடப்படுவது ஆகிய நான்கு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த அலசல். எந்த வழி கடுமையானது என்பதைவிட, எந்த வழி தன் காரணங்களைப் படிக்கத் தருகிறது என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

சொந்த ஊர் மன்றமும் லோசானும்

2014 இறுதிவரை யுசிஐயின் விதிப்படி, வீரருக்கு உரிமம் வழங்கிய நாட்டுச் சம்மேளனமே அவரை முதலில் விசாரிக்கும். இந்த ஏற்பாட்டின் சிக்கலைச் சொல்ல நான்கு பெயர்கள் போதும். ஈபான் மாயோ, அலெஸ்ஸாண்ட்ரோ பெட்டாக்கி, ஃபிராங்கோ பெல்லிசோட்டி, கான்டடோர் ஆகிய நால்வரும் உள்நாட்டில் தப்பித்து, மேல்முறையீட்டில் லோசானில் தண்டிக்கப்பட்டவர்கள். கான்டடோர் வழக்கில் ஓராண்டுத் தடை என்ற முன்மொழிவை முதலில் வைத்த அதே சம்மேளனம், சில வாரங்களில் முழு விடுதலைக்குத் தாவியது. தீர்ப்புக்குச் சில நாள் முன்னர், தடை விதிக்கச் சட்டக் காரணம் ஏதும் இல்லை என்று ஸ்பெயின் பிரதமர் அலுவலகத்தின் ட்விட்டர் கணக்கிலேயே கருத்து வெளியானது. இது தற்செயல்தான் என்று நம்புவதற்கு நிறைய நல்லெண்ணம் வேண்டும்.

ஆனாலும் இதை வெறும் ஊர்ப்பாசம் என்று முடித்துவிடுவது நியாயமாகாது. ரத்தக் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் தொகுத்துப் பார்க்கும் உயிரியல் கடவுச்சீட்டு முறையை யுசிஐ 2008இல் கொண்டுவந்தபோது, ஹீமோகுளோபின் வளைகோட்டை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் பயிற்சி எந்த உள்நாட்டுக் குழுவுக்கும் இருக்கவில்லை. செக் வீரர் ரோமன் கிரெய்சிகரை அவருடைய நாட்டு ஒலிம்பிக் குழுவின் நடுவர் மன்றம் 2014 செப்டம்பரில் விடுவித்தது. யுசிஐயும் வாடாவும் காஸுக்குப் போயின. 2015 ஜூனில், விசாரணை தொடங்குமுன், இரண்டுமே முறையீட்டைத் திரும்பப் பெற்றன. அந்த வழக்கில் உள்ளூர் மன்றத்தின் முடிவுதான் கடைசியில் நின்றது.

உள்நாட்டு விசாரணை என்றாலே மென்மை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் ஜொனாதன் டியர்னன்-லாக்கை விசாரித்தது அவருடைய சைக்கிள் சம்மேளனம் இல்லை. அதிலிருந்து தனித்து இயங்கும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புக் குழு. 2012 உலகச் சாம்பியன் போட்டிக்கு முன் எடுத்த ரத்தத்தில் காணப்பட்ட விபரீத எண்களுக்கு, முந்தைய இரவுகளில் ஒன்றில் அளவுமீறி ஒயினும் ஜின்னும் குடித்து உடல் நீரிழந்ததே காரணம் என்று அவர் வாதிட்டார். குழு அதை ஏற்காமல் 2014இல் இரண்டாண்டு தடை விதித்தது. விசாரிப்பவர் உள்நாட்டவரா என்பதைவிட, நட்சத்திர வீரரால் வருமானம் பெறும் அமைப்பின் ஆளா என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

சம்மேளனம் வழக்கையே திறக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் வீரர் அலெகாண்ட்ரோ வால்வெர்தே எடுத்துக்காட்டு. 2006 மே மாதம் ஊக்கமருந்து விசாரணை ஒன்றில் ஸ்பெயின் காவல்துறை கைப்பற்றிய ரத்தப் பைகளில் 18 என்ற எண்ணிட்ட பை அவருடையது என்று சந்தேகிக்கப்பட்டது. ஸ்பெயின் சம்மேளனம் நடவடிக்கை எடுக்கவில்லை. 2008 டூர் பந்தயம் இத்தாலிக்குள் நுழைந்தபோது அந்நாட்டு ஒலிம்பிக் குழு அவரிடம் ரத்தம் எடுத்து, பையோடு டிஎன்ஏவை ஒப்பிட்டு, இத்தாலி மண்ணில் மட்டும் செல்லும் இரண்டாண்டு தடையை 2009இல் விதித்தது. ஸ்பெயின் சம்மேளனத்தின் மறுப்பை எதிர்த்து யுசிஐயும் வாடாவும் காஸில் முறையிட்டு, 2010 மே இறுதியில் அத்தடையை உலகம் முழுவதற்கும் விரிவாக்கின. மௌனமும் மேல்முறையீட்டுக்கு உரியதே என்பது இந்த வழக்கில் தெளிவானது.

அமெரிக்க நடுவர் குழு

அமெரிக்காவில் தேசிய முகமையான யுசாடா குற்றம் சாட்டும். வீரர் எதிர்த்தால், இங்கே சொல்லும் வழக்குகளின் காலத்தில், இரு தரப்பும் ஆளுக்கொருவரைத் தேர்ந்து தலைவரோடு மூவராக அமரும் நடுவர் குழு விசாரித்தது. 2006 டூரின் 17ஆம் கட்டத்தில் டெஸ்டோஸ்டிரோன் கண்டறியப்பட்ட ஃபிளாய்ட் லாண்டிஸ், விசாரணையைப் பொதுமக்கள் முன் நடத்தும்படி கேட்டார். 2007 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில், ஆய்வகப் பணியாளர்கள் மொழிபெயர்ப்பாளர் துணையோடு நாள் கணக்கில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டனர்.

செப்டம்பரில் வந்த தீர்ப்பைப் படித்தவர்களுக்கு இந்த முறையின் பலம் புரியும். டெஸ்டோஸ்டிரோன் விகிதத்தை அளந்த முதற்கட்டச் சோதனை விதிப்படி செய்யப்படவில்லை என்று சொல்லி நடுவர்கள் அதை ஒதுக்கினர். செயற்கை டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்துக் காட்டும் கார்பன் ஐசோடோப்பு சோதனை தனித்து நிற்கிறது என்று சொல்லி, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் குற்றத்தை உறுதிசெய்தனர். ஆய்வகத்தின் அசட்டையான வேலை இப்படியே தொடர்ந்தால் வேறொரு வழக்கில் அதுவே முகமையைக் கவிழ்க்கும் என்றும் எச்சரித்தனர். மாறுபட்ட மூன்றாம் நடுவரின் கருத்தும் வெளியானது. எந்தச் சோதனை விழுந்தது, எது நின்றது, யாருக்கு எங்கே ஐயம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. விலைதான் பயங்கரம்: 2008 ஜூன் 30 அன்று காஸ் தடையை உறுதிசெய்ததோடு, யுசாடாவின் செலவுக்காக 1,00,000 டாலர் கட்டும்படியும் லாண்டிஸுக்கு உத்தரவிட்டது. தொழில்வாழ்க்கையின் பெரும்பகுதியில் ஊக்கமருந்து எடுத்ததாக அவரே 2010இல் ஒப்புக்கொண்டார் என்பது தனிக்கதை.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் இந்த மேசைக்கே வரவில்லை. யுசாடாவுக்கு எதிராக அவர் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2012 ஆகஸ்ட் 20 அன்று தள்ளுபடியானது. சில நாளில் நடுவர் விசாரணை வேண்டாம் என்று அவர் ஒதுங்க, வாழ்நாள் தடை வந்தது. அவருடைய அணி மேலாளர் யோகான் புரூனீல் விசாரணையைத் தேர்ந்தார். 2014இல் 10 ஆண்டு தடை பெற்றார். வாடா மேல்முறையீடு செய்தது. 2018 அக்டோபரில் காஸ் அதை வாழ்நாள் தடையாக உயர்த்தியது. மேல்முறையீடு என்றால் தண்டனை குறையும் வழி என்று எண்ணுபவர்கள் இந்த வழக்கைப் படிக்கலாம்.

2015க்குப் பின்: யுசிஐயின் தீர்ப்பாயம்

சம்மேளனங்களோடு பட்ட பாட்டுக்குப் பிறகு, 2015 முதல் யுசிஐ தன் சொந்த ஊக்கமருந்துத் தீர்ப்பாயத்தை இயக்குகிறது. யுசிஐயின் பொறுப்பில் வரும் சர்வதேச நிலை வீரர்களின் வழக்குகள் நாடு பாராமல் அங்கே போகின்றன. பெரும்பாலும் ஒற்றை நீதிபதி. முடிவுகள் காரணங்களோடு வெளியிடப்படுகின்றன. சோதனை நடத்தும் வேலை 2021 முதல் ஐடிஏ என்னும் சர்வதேசச் சோதனை முகமையின் கையில் இருக்கிறது. ஒரே மன்றம் எல்லா நாட்டவரையும் விசாரிப்பதால் ஒரே குற்றத்துக்கு இரு நாடுகளில் இரு தண்டனை என்ற அவலம் குறைகிறது. ஆனால் குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பாயத்துக்குப் பணம் கொடுப்பவரும் ஒரே அமைப்பு என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. விசாரிப்பவர் நடைமுறையில் தனித்து இயங்க வேண்டும் என்று 2021 விதித்தொகுப்பு வற்புறுத்தினாலும், சம்பளக் கவரில் யார் பெயர் என்பதை வீரர் பார்க்கத்தான் செய்வார். காஸ் 2019இல் தன்னுள் ஒரு நிரந்தர ஊக்கமருந்துப் பிரிவைத் தொடங்கி, சம்மேளனங்கள் முதற்கட்ட விசாரணையையே அங்கு ஒப்படைக்க வழி செய்திருக்கிறது. இந்தக் குறையை அது ஓரளவு தீர்க்கும் என்றாலும், மேல்முறையீடும் அதே கட்டடத்துக்குத்தான் போகும்.

உண்மையில் இன்று பல வழக்குகள் எந்த மேசையையும் எட்டுவதில்லை. நான்காண்டுத் தடைக்குரிய குற்றச்சாட்டு வந்த 20 நாளுக்குள் குற்றத்தையும் தண்டனையையும் ஏற்றுக்கொண்டால் ஓராண்டு குறையும். மருந்து உடலுக்குள் எப்படி வந்தது என்று தெரியாத, வழக்கறிஞருக்குப் பணமில்லாத ஒரு சிறிய அணி வீரர் அந்தத் தாளில் கையெழுத்திடும்போது, அவர் உண்மையை ஒப்புக்கொள்கிறாரா, செலவுக்கு அஞ்சுகிறாரா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேலே என்ன நடக்கிறது

எந்த வழியில் தொடங்கினாலும் சர்வதேச வீரருக்கு மேல்முறையீடு காஸில்தான். பொதுவாக 21 நாள் கெடு. வீரர், யுசிஐ, தேசிய முகமை, வாடா ஆகிய யார் வேண்டுமானாலும் போகலாம். கீழ் மன்றத்தின் தவறுகளை மட்டும் திருத்தும் வழக்கமான மேல்முறையீடு இல்லை இது. உண்மைகளையும் சட்டத்தையும் காஸ் முதலிலிருந்து புதிதாக விசாரிக்கும். இதனால் கீழே நடந்தது ஒத்திகைபோல் ஆகிவிடுகிறது.

நிரூபிக்கும் சுமை யார்மேல் விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. விதிமீறல் நடந்தது என்பதை முகமை, குற்றவியல் நீதிமன்றத்தின் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணத்துக்குக் கீழான, ஆனால் வெறும் சாத்தியத்துக்கு மேலான ஒரு நிலைக்கு நடுவர்களை மனநிறைவு கொள்ளச் செய்ய வேண்டும். அதன்பின் பந்து வீரரிடம் வரும்: மருந்து உள்ளே வந்த வழி, நடக்காததைவிட நடந்திருக்கவே அதிக வாய்ப்புள்ளது என்று அவர் காட்ட வேண்டும். கான்டடோர் சிக்கியது இங்கேதான். நண்பர் ஒருவர் ஈரூன் நகரில் வாங்கி வந்த மாட்டிறைச்சியே காரணம் என்றார் அவர். ரத்தமேற்றலே காரணம் என்றது எதிர்த்தரப்பு. இரண்டுமே நடந்திருக்கலாம், ஆனால் வாய்ப்புக் குறைவு. கலப்படமான துணையுணவே அதிகப் பொருத்தம் என்று நடுவர்கள் கருதினர். வீரர் தன் விளக்கத்தை நிறுவவில்லை, ஆகவே தடை. அவர் ஏமாற்றினார் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. 2019இல் வாடா தன் நடைமுறையை மாற்றி, 5 நானோகிராமுக்கு மேற்படாத கிளென்பியூட்டரால் கிடைத்தால் இறைச்சிக் கலப்பு உண்டா என்று முதலில் ஆராய இடம் தந்தது. அவருடைய எண் அதில் நூறில் ஒரு பங்கு.

காஸுக்கு மேல் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் உண்டு. ஆனால் அது மன்ற அமைப்பு, விசாரணை நேர்மை போன்ற சில குறுகிய காரணங்களையே பார்க்கும். சிறுநீரில் என்ன இருந்தது என்பதை அது மறுபடி தோண்டாது.

மன்றமே பார்க்காத வழக்கு

ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமாலுக்கு மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராம் வரை அனுமதி. 2007 ஜீரோவில் பெட்டாக்கிக்கு 1352 வந்தது. இத்தாலியில் விடுதலை, காஸில் தடை. அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை, ஆனால் கவனம் போதவில்லை என்று தீர்ப்பு விளக்கியது. 2014 ஜீரோவில் தியேகோ உலிஸ்ஸிக்கு 1900. ஒன்பது மாதத் தடை. 2017 செப்டம்பரில் வுவெல்டா பந்தயத்தில் கிறிஸ் ஃபுரூமுக்கு 2000 வந்தது. சிறுநீரின் அடர்த்திக்காகத் திருத்தியபின் 1429, அப்போதும், அளவீட்டுப் பிழைக்கு இடம்விட்டு வைத்த 1200 என்ற தீர்மான எல்லைக்கு மேல். டிசம்பரில் செய்தி கசிந்தது. 2018 ஜூலை 2 அன்று, டூர் தொடங்க ஐந்து நாள் இருக்கையில், வாடா இதை விதிமீறலாகக் கருதவில்லை என்று கூறி யுசிஐ கோப்பை மூடியது.

ஃபுரூம் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. அந்த மருந்து சிறுநீரில் வெளியேறும் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பது அறிவியல் ஏற்கும் வாதம். ஆனால் பெட்டாக்கியின் 1352 ஏன் தடையாயிற்று என்பதை எவரும் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். ஃபுரூமின் எண் ஏன் வழக்கே ஆகவில்லை என்பதற்கு எந்த நடுவரின் கையெழுத்திட்ட விளக்கமும் கிடையாது. வீரருக்கு இதைவிட நல்ல முடிவு இல்லை; இனி இதே மருந்தில் சிக்கும் மற்றவருக்கு இதைவிடப் பயனற்ற முன்னுதாரணமும் இல்லை.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், விசாரணையின் தரத்துக்கு அமெரிக்க முறையையும், எல்லா நாட்டவருக்கும் கட்டுப்படியாகும் நடைமுறைக்கு யுசிஐ தீர்ப்பாயத்தையும் சொல்வேன். ஒன்றே வேண்டும் என்றால் பின்னதுதான், காரணங்களை வெளியிடும் வழக்கம் தொடரும்வரை. சொந்தச் சம்மேளனத்துக்குத் திரும்புவதை யாரும் விரும்ப மாட்டார்கள். காலதாமதத்தை மட்டும் எந்த முறையும் முழுதாகத் தீர்க்கவில்லை. லாண்டிஸ் வழக்கு ஏறத்தாழ 23 மாதம் ஓடியது. கான்டடோர் வழக்கு 18 மாதத்துக்கு மேல். அந்த இடைவெளியில் கான்டடோர் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்தார், 2011 ஜீரோவில் அவருக்குப் பின்னால் வந்த மிக்கேலே ஸ்கார்ப்போனி வெற்றியாளரானது மறு ஆண்டில் லோசானில் எழுதப்பட்ட ஒரு தாளால்தான். 2010 டூரின் மஞ்சள் பனியன் ஆண்டி ஷ்லெக்குக்குக் கிடைத்தது 2012 மே மாதம், பாரிஸ் வீதியில் இல்லாமல் லக்சம்பர்க்கில் நடந்த ஒரு சிறு விழாவில்.