இன்ஜெக்டர் கழற்றி வாஷர் மாற்ற வீடா, பம்ப் கடையா, கம்பெனி சர்வீஸா?

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் ‘சுக் சுக்’ என்று ஒரு சத்தம். ஏசி போட்டால் உள்ளே லேசாகப் புகை நாற்றம். என்ஜின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் பார்த்தால், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் ஒன்றைச் சுற்றித் தார் ஊற்றினாற்போல் கறுப்பாக இறுகிக் கிடக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் இன்ஜெக்டரே போய்விட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அதன் அடியில் இருக்கும் செம்பு வாஷர் பிடிப்பை விட்டிருக்கும். எரிந்த வாயு அந்த இடுக்கு வழியாக மேலேறி வந்து கரியாகப் படிகிறது. வாஷர் விலை சில பத்து ரூபாய்தான். அதை மாற்றும் வேலையை யாரிடம் கொடுப்பது, அல்லது நாமே செய்யலாமா என்பதுதான் கேள்வி.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 1.3 மல்டிஜெட் என்ஜின். 2007-ல் டீசல் ஸ்விஃப்டோடு மாருதிக்குள் வந்த ஃபியட் என்ஜின் இது. டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, பிரெஸ்ஸா என்று ஊரில் பாதி வண்டிக்குள் உட்கார்ந்ததால் இந்தியாவின் ‘தேசிய டீசல் என்ஜின்’ என்றே பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆக, இன்று ஓடும் மாருதி டீசல் வண்டி எதற்கும் அநேகமாக வாரண்டி மிச்சமில்லை. செலவு முழுக்க நம் கைக்காசு.

கம்பெனி சர்வீஸை முதலில் பார்த்துவிடுவோம், சொல்ல அதிகம் இல்லை. ஸ்கேனர் இருக்கும், சரியான பார்ட் நம்பரில் வாஷர் கிடைக்கும், பில் கிடைக்கும். ஆனால் இறுகிப்போன இன்ஜெக்டரோடு மல்லுக்கட்ட அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. ‘நாலையும் மாற்றிவிடலாம் சார்’ என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். புது இன்ஜெக்டர் ஒன்றுக்கே பல ஆயிரம். வாஷர் வேலைக்காகப் போய் அந்தத் தொகைக்குத் தலையாட்டிவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் வாரண்டியில் இருக்கிற வேறு கம்பெனி டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்காமல் அங்கேயே போகலாம்.

உண்மையான போட்டி பம்ப் கடைக்கும் வீட்டுக்கும்தான்.

டீசல் பம்ப் கடை, அதாவது டீசல் என்ஜினின் பம்பையும் இன்ஜெக்டரையும் பழுது பார்க்கும் கடை, நம்மூரில் பழைய தொழில். 1951-ல் பெங்களூரில் மைகோ கம்பெனி தொடங்கிய பிறகு, பாஷ் தொழில்நுட்பத்தில் பம்பும் டீசல் தெளிக்கும் முனையான நாசிலும் இங்கேயே உற்பத்தியாயின. 2008-ல் கம்பெனி பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் மூத்த மெக்கானிக்குகளின் வாயில் இன்னும் மைகோதான். லாரி பாடி கட்டும் நாமக்கல், சங்ககிரி பக்கம் போனால் இந்தக் கடைகளின் திறமையை நேரில் பார்க்கலாம். இன்ஜெக்டரைப் பிடுங்குவதில் இவர்களை அடிக்க ஆள் கிடையாது. ஸ்லைடு ஹாமர் இருக்கும், பெரிய கடையில் ஹைட்ராலிக் புல்லரும் இருக்கும். நாம் ஒரு நாள் முழுக்கப் போராடுவதை அவர்கள் ஒரு டீ நேரத்தில் முடித்துவிடுவார்கள். அதைவிட முக்கியம் டெஸ்ட் பெஞ்ச். முழு லோடு, ஐடில், முன்தெளிப்பு, ரிட்டர்ன் கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று அளந்து தாளில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இதற்கு வழியே இல்லை.

அப்படியானால் கடைதானே நல்லது? நானும் ஓரளவுக்கு அந்தக் கட்சிதான், ஒரே ஒரு இடத்தைத் தவிர. வாஷர் உட்காரும் சீட்.

கசிவை நிறுத்துவது புது வாஷர் அல்ல, சுத்தமான சீட். சிலிண்டர் ஹெட்டில் இன்ஜெக்டர் இறங்கும் குழியின் அடியில் ஒரு விரல் நக அகலத்துக்கு ஒரு வட்டத் தளம் இருக்கிறது. அதில் ஒரு துளி கரி ஒட்டியிருந்தாலும் வாஷர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சில நாளில் மறுபடி அதே ‘சுக் சுக்’. பல கடைகளில் இந்தக் குழிக்குள் திருப்புளியால் நாலு சுரண்டல், கம்ப்ரெஸர் காற்றால் ஓர் ஊதல், அதோடு வேலை முடிந்தது. ஊதிய கரி எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இருக்காது. பாதி சிலிண்டருக்குள்தான் போயிருக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் இன்னும் ஐந்து வண்டி நிற்கிறது.

வீட்டில் செய்பவருக்கு இருக்கும் ஒரே பலம் நேரம். அந்த நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நாசில் முனை போகும் சின்னத் துளையில் நூல் கட்டிய பஞ்சுருண்டையை முதலில் இறக்கி அடைக்க வேண்டும். நூலின் மறுமுனை வெளியே தொங்கட்டும். அப்புறம் சீட் கட்டரின் பல்லில் கிரீஸ் தடவி உள்ளே விட்டுக் கையால் மட்டும் திருப்ப வேண்டும், டிரில் மிஷின் பக்கமே போகக் கூடாது. ஹெட் அலுமினியம் என்பதால் வேகமாக வெட்டிவிடும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்தால் கிரீஸில் கரித்துகள் ஒட்டி வரும். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கலாம். முதலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பளபளக்கும், பிறகு அது நீண்டு ஒரு முழு வளையமாகச் சேரும். வளையம் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று வெட்டினாலும் இன்ஜெக்டர் அவ்வளவு கீழே இறங்கும், டீசல் தெளியும் இடமே மாறிவிடும். கடைசியில் நூலை இழுத்தால் பஞ்சு மேலே தங்கிய கரியோடு வெளியே வந்துவிடும்.

குழியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய வாஷர் இன்ஜெக்டரோடு வராமல் அடியிலேயே ஒட்டி நின்றுவிடுவது சகஜம். கரி பூசிய செம்பு ஹெட்டோடு ஹெட்டாகத் தெரியும். அதன்மேல் புதிதையும் போட்டு மாட்டிய வண்டிகள் உண்டு. வளைத்த கம்பியால் துழாவிப் பார்த்துவிடுவது நல்லது.

கழற்றுவதில் கதை தலைகீழ். சரியான புல்லர் இல்லாமல் வீட்டில் நாம் செய்யக்கூடியது பொறுமை ஒன்றுதான். முந்தின இரவே ஊடுருவும் எண்ணெயை அடித்து ஊறவிட்டு, என்ஜினைச் சற்று வெதுவெதுப்பாக்கி, இன்ஜெக்டர் உடம்பில் பானா பிடிக்கும் தட்டையான இடம் இருந்தால் அதில் மாட்டி இடமும் வலமும் இம்மி இம்மியாக அசைக்கலாம். அசைந்துவிட்டால் வந்துவிடும். அசையவில்லை என்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். நெம்புகோல் போட்டு ஹெட் கவரை உடைத்தவர்களும், மேலே இருக்கும் மின்காந்த வால்வான சோலனாய்டைப் பிடித்து இழுத்து அதைத் தனியாகக் கையில் எடுத்தவர்களும் கடைசியில் கடைக்குத்தான் போகிறார்கள், கூடுதல் செலவோடு. இன்ஜெக்டரை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்திவிட்டு என்ஜினை ஓடவிட்டால் கம்ப்ரெஷனே தள்ளிவிடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. இதைப் போன்ற காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) வண்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த என்ஜினின் ரெயிலில் ஓடும் அழுத்தம் 1400 பார் வரை போகும், பிந்தைய மாடல்களில் 1600. அந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவு கசிவும் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் டீசலை ஏற்றிவிடும். வெளியே பார்த்தால் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி, வலிகூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலை எடுக்கும் நிலை வரும். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய் ‘டீசல் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது’ என்று சொல்ல வேண்டும். பழைய வண்டியில் பழகிய கை, எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தும். காமன் ரெயிலில் அந்தப் பழக்கம் ஆபத்து. என்ஜினை நிறுத்தி, பேட்டரி வயரை எடுத்து, பத்து நிமிடமாவது கழித்துத்தான் பானாவைத் தொட வேண்டும்.

சந்தேகம் எந்த இன்ஜெக்டர் மேல் என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே பாதுகாப்பான வழி இருக்கிறது. ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நாலு ஒரே மாதிரி பாட்டிலில் தனித்தனியாக விட்டு, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட வேண்டும். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. அப்படி ஒன்று தெரிந்தால் வாஷர் மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். இது சோலனாய்டு வகைக்கு மட்டும்தான். சோலனாய்டுக்குப் பதில் பியெசோ படிகத்தால் இயங்கும் இன்ஜெக்டருக்கு ரிட்டர்னிலும் அழுத்தம் வேண்டும் என்பதால் பாட்டில் வைத்தால் அளவு பொய் சொல்லும்.

வாஷரில் புதிதா, பழையதைச் சூடாக்கியா என்றொரு விவாதமும் உண்டு. அடுப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும். இரும்பைப் போல இறுகாது. வயல் பம்ப்செட்டுக்கு இது போதும், தலைமுறையாகச் செய்கிறார்கள். காருக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒருமுறை நசுங்கிய வாஷர் கனம் குறைந்திருக்கும், தளத்தில் பழைய தழும்பும் இருக்கும். புதிது வாங்கும்போதும் கனத்தைப் பழையதோடு கேலிப்பரில் ஒப்பிட்டு வாங்க வேண்டும். விட்டம் ஒன்றாக இருந்தும் கனம் வேறாக உள்ள வாஷர்கள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

மாட்டும்போது எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும். பாஷ் காமன் ரெயில் இன்ஜெக்டரின் தலையில் ஒரு குறியீடு இருக்கும். கம்ப்யூட்டர் அதை வைத்துத்தான் ஒவ்வொன்றுக்கும் டீசல் அளவைத் திருத்துகிறது. இடம் மாற்றிப் போட்டால் ஸ்கேனரில் மறுபடி எழுத வேண்டும். பெயின்ட் மார்க்கரால் எண் போட்டுவிட்டால் அந்த வேலையே இல்லை. திறந்த பைப் முனைகளை உடனே மூடி வையுங்கள், தூசிதான் இந்த இன்ஜெக்டருக்கு எமன். கிளாம்ப் போல்ட்டைக் கையளவுக்கு முடுக்கி, பைப்பைக் கையால் மரை பிடிக்கவிட்டு நேராக உட்கார்ந்த பிறகுதான் கிளாம்ப், கடைசியில் பைப் நட். முறுக்கு அளவு அந்தந்த என்ஜின் கையேட்டுக்கே உரியது. மெர்சிடிஸின் பழைய சிடிஐ என்ஜினில் வெறும் 7 நியூட்டன் மீட்டர் வைத்துவிட்டு, அப்புறம் டிகிரிக் கணக்கில் திருப்பச் சொல்கிறார்கள். அந்த போல்ட் நீண்டு பிடிக்கும் ரகம், ஒருமுறைக்குத்தான். முறுக்கு அளவு காட்டும் பானாதான் டார்க் ரென்ச்; வீல் நட்டுக்கு வாங்கிய பெரிய டார்க் ரென்ச் இவ்வளவு சின்ன அளவைக் காட்டவே காட்டாது.

பம்ப்செட் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். கிர்லோஸ்கர் மாதிரி ஒற்றை சிலிண்டர் என்ஜினில் நாசில் திறக்கும் அழுத்தமே 200 பார் சுற்றுவட்டம்தான். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. கழற்றி, சீட் துடைத்து, வாஷர் போட்டு, நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்து ஓட்டிவிடலாம். இங்கே வீடுதான், வேறு பேச்சே வேண்டாம். நாசில் தெளிப்பை மட்டும் கடையின் டெஸ்டரில் காட்டிவிட்டு வரலாம். டெஸ்டர் முன்னால் விரலை நீட்டக் கூடாது, அந்த 200 பாரும் தோலைத் துளைக்கும்.

காருக்கு நான் சிபாரிசு செய்வது பாதிப் பாதி. தெரிந்த மெக்கானிக்கைப் புல்லரோடு வீட்டுக்கு வரச் சொல்லிப் பிடுங்கும் கூலி மட்டும் கொடுங்கள். கழன்ற இன்ஜெக்டர்களை ரப்பர் மூடி போட்டு பம்ப் கடைக்கு எடுத்துப்போய் பெஞ்ச் ரிசல்ட் வாங்குங்கள். அந்த இடைவெளியில் சீட்டை உங்கள் கையாலேயே, உங்கள் அவகாசத்தில் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள். கட்டர் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது, நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் தலைக்குப் பெரிதாக வராது. டார்க் ரென்ச் இல்லாதவர், கையேடு கிடைக்காதவர், வீதியில் தூசிக்கு நடுவே வண்டி நிறுத்துபவர் மொத்தமாகக் கடையிலேயே விடலாம். விடும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சீட்டைக் கட்டரில் வெட்டியபின் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பழைய வாஷர் நாலும் கைக்கு வர வேண்டும், பெஞ்ச் அளவுத் தாள் வேண்டும். வாஷர் மூன்றுதான் வந்தது என்றால் நாலாவது குழிக்குள்தான் இருக்கிறது.