எடைபோடாத மீனுக்கு 294 யூரோ: ஏதென்ஸ் போகிறவர்கள் கவனிக்கவும்

294 யூரோ. மூன்று பேர், ஒரு வேளைச் சாப்பாடு. நம் பணத்தில் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய். முந்தாநாள் இரவு ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பிளாக்கா பகுதியில், குடும்பமாகச் சேர்ந்து நடத்தும் ஒரு பழைய பாணி உணவகத்தில் இந்தப் பணத்தைப் பறிகொடுத்தோம். இப்போது விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வயிறு இன்னும் எரிகிறது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. என் கையில் ரசீது இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் நாகப்பட்டினத்திலிருந்து முதல்முறையாக என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்பா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். அக்ரோபோலிஸ் மேல் நிற்கும் பார்த்தினான் கோயிலின் தூண்களைப் படத்தில் காட்டியே காலம் கழித்தவருக்கு அவற்றை நேரில் காட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்களுடைய நாற்பதாவது திருமண நாளும் அந்த வாரமே வந்தது. பகல் முழுவதும் வெயிலில் ஏறி இறங்கி, பொழுது சாய்ந்தபிறகு பசியோடு அந்தச் சந்துக்குள் நுழைந்தோம்.

அந்தத் தெருவில் பல கடைகளில் ஆட்கள் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். அவற்றையெல்லாம் நான் ஜாக்கிரதையாகத் தாண்டி வந்தேன். இந்தக் கடையில் அப்படி யாரும் கூப்பிடவில்லை. கோரைப்புல் பின்னிய மர நாற்காலிகள், மேசைமேல் காகிதம் விரித்து ஓரத்தில் கிளிப் போட்டிருந்தார்கள். சுவரில் தாத்தா ஒருவரின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வாசலில் ஒரு பாட்டி, மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அம்மாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது. பாட்டி நிமிர்ந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பாட்டி ஒரு கைப்பிடி பீன்ஸை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். மொழி தெரியாத இரண்டு பெண்கள் வாசலில் உட்கார்ந்து நார் உரித்தார்கள். அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அந்தப் படத்தை இப்போது பார்க்கவே முடியவில்லை.

பேரன் வந்தான். முப்பது வயது இருக்கலாம். நல்ல ஆங்கிலம். எந்த ஊர், என்ன வேலை, யாருடைய திருமண நாள் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்பா வரலாற்று ஆசிரியர் என்றதும், "எங்கள் மொழியில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்தான், க்ஸெனோஸ்" என்றான். அப்பா உருகிப்போனார். "பார்த்தாயா பாப்பா, இதைத்தான் நான் வகுப்பில் சொல்வேன்" என்றார். விலைப்பட்டியலை எடுக்கப் போனேன். அவன் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி மூடி, "இன்று இது வேண்டாம். வீட்டில் சாப்பிடுவது போலச் சாப்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னான். நானும் விட்டுவிட்டேன். எங்களை ஏமாற்றியது அந்த ஒரு நொடியில்தான் என்பது இப்போது புரிகிறது.

பிறகு சமையலறைக்குள் அழைத்துப் போனான். அங்கே இது புதுமையில்லை. கிரேக்கத்தில் தவேர்னா என்று சொல்லும் இந்த மாதிரிப் பழைய பாணி உணவகங்களில் அடுப்படிக்கே போய் வேண்டியதைக் காட்டும் பழக்கம் உண்டு. ஐஸ் தட்டில் மீன்கள் அடுக்கியிருந்தன. அம்மா நாகப்பட்டினத்துக்காரர். மீன் என்றால் அவரிடம் யாரும் பேச முடியாது. விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண் தெளிவாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பேரன் கைதட்டினான். கண்களுக்கு நடுவே பொன்னிறப் பட்டை ஓடும் சிபூரா என்ற மீனில் இரண்டை அம்மா தேர்ந்தெடுத்தார். பார்வைக்கு விளமீன் போல இருக்கும். ஒவ்வொன்றும் என் முழங்கையில் பாதி நீளம். "இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோ வராது" என்று என்னிடம் தமிழில் சொன்னார். அடுப்பு மேடைக்கு அருகிலேயே தராசு இருந்தது. மீன் அதில் ஏறவில்லை. நானும் எடை போடச் சொல்லவில்லை. பாட்டி அம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது எடை போடு என்று கேட்பது அவமரியாதை என்று நினைத்தேன்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்ட ஃபாவா வந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம் பருப்புக் கடைசல்தான்" என்றார். வேகவைத்த கீரையில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். வறுத்த பாலாடைக்கட்டி, தக்காளியும் வெள்ளரியும் போட்ட சாலட். அங்கே வீட்டு ஒயினை லிட்டரில் சொல்லமாட்டார்கள், கிலோவில் சொல்வார்கள். அப்பாவுக்காக அரை கிலோ குவளை கேட்டோம்.

மீன் வந்தது. தலை இல்லை. தோல் உரித்து, முள் எடுத்து, துண்டுகளாக ஒரு நீளத் தட்டில் வைத்து எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா மீன்தலையைத்தான் முதலில் தேடுவார். "தலை எங்கே?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். "உங்கள் வசதிக்காக எடுத்துவிட்டோம்" என்றான். அம்மா ஒரு துண்டை வாயில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியில்தான் சொன்னார்: "அது நான் எடுத்துக் கொடுத்த மீன் இல்லை. சதை வேறு. ஐஸில் பல நாள் கிடந்த மீன்."

கடைசியில் பாட்டியே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ரவையும் பட்டையும் சேர்த்துக் கிளறிய ஹல்வா, நம் கேசரி போலவே இருந்தது. பாட்டியின் அன்பளிப்பு என்றான் பேரன். சாப்பாடு முடிந்ததும் விருந்தினருக்கு இப்படி ஓர் இனிப்போ பழமோ கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அம்மா பாட்டியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன்பிறகு அந்தத் துண்டுக் காகிதம் வந்தது. பேனாவால் எழுதியிருந்தது. 2.1 கிலோ சினாகிரீடா, கிலோ 95 யூரோ வீதம் 199.50. நாங்கள் கேட்டது சிபூரா. சினாகிரீடா வேறு மீன், விலை கூடிய மீன். அதைப் பற்றி யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒயின் 1 கிலோ என்று 18. நாங்கள் குடித்தது அரை. கேட்காமலே வைத்த ரொட்டிக்கு ஆளுக்கு 2.50. தண்ணீர் 8. சாலட், ஃபாவா, கீரை, பாலாடைக்கட்டி எல்லாம் சேர்த்து 46. பாட்டியின் அன்பளிப்பான ஹல்வாவுக்கு 15. மொத்தம் 294 யூரோ.

இரண்டு சிறிய மீன் எப்படி 2.1 கிலோ ஆகும் என்று கேட்டேன். அதுவரை சரளமாகப் பேசியவனுக்கு ஆங்கிலம் திடீரென்று மறந்துவிட்டது. "ஃப்ரெஷ் மீன், ஃப்ரெஷ் மீன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுடைய அப்பா உள்ளேயிருந்து வந்து, மூடிவைத்த விலைப்பட்டியலைத் திறந்து, மீன் விலை கிலோவுக்கு என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்துத் தட்டினார். தலையையாவது காட்டுங்கள், என்ன மீன் என்று அம்மா சொல்லிவிடுவார் என்றேன். குப்பை போய்விட்டது என்றார். அச்சிட்ட ரசீது கொடுங்கள் என்றேன். இயந்திரம் பழுது. கார்டு நீட்டினேன். அதுவும் பழுது, ரொக்கம் மட்டும். நான் பாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலில் அடுத்த பாத்திரம் பீன்ஸை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அறுபத்தெட்டு வயது அப்பாவை அந்தப் பேரன் தெருமுனை ஏடிஎம் வரைக்கும் கூட நடந்துபோய், பணம் எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்று, திருப்பி அழைத்துவந்தான். காவலர் கைதியைக் கூட்டிவருவது போல இருந்தது. அந்த இயந்திரம் தனிக் கட்டணம் பிடித்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பா 294 யூரோவை எண்ணி மேசையில் வைத்தார். அந்தத் துண்டுக் காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அவன் முந்திக்கொண்டு அதை மடித்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டான். அப்போதே படம் எடுத்திருக்கவேண்டும். மீன், பாட்டி, பீன்ஸ், ஹல்வா என்று நாற்பது படம் என்னிடம் இருக்கிறது. பில்லின் படம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை தனியாகப் போனேன். முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். முந்தைய இரவு விலைப்பட்டியலைத் தட்டிக் காட்டியவரே அதைச் சொன்னார். கிரேக்கத்தில் புகார்ப் படிவங்களை வெளிவாசலுக்கு அருகே ஒரு பெட்டியில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். பெட்டி இருந்தது. உள்ளே படிவம் இல்லை. விடுதி வரவேற்பறையில் சொன்னேன். மீன் என்றால் முதலிலேயே எடை கேட்கவேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். இந்தக் கடைக்கு ஏகப்பட்ட நட்சத்திரம் போட்டு எனக்குக் காட்டிய உணவக மதிப்புரைத் தளத்தில் நடந்ததை எழுதினேன். மாலைக்குள் என் மதிப்புரை மறைந்துவிட்டது. கேட்டதற்கு, வாடிக்கையாளருக்கும் உணவகத்துக்கும் இடையிலான பணத் தகராறில் தலையிடுவதில்லை என்று ஒரு தயார் பதில் வந்தது. சுற்றுலாக் காவல்துறையின் 1571 எண்ணுக்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் அங்கேதான் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ரசீது இருக்கிறதா?

அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இயந்திரம் பழுது, கார்டு பழுது, ஏப்ரன் பைக்குள் போன காகிதம், குப்பைக்குப் போன தலை, எல்லாம் ஒரே வேலையின் துண்டுகள். அந்த ஊரில் விலைப்பட்டியலின் அடியில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள்: ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கவேண்டிய கடமை இல்லை. சட்டப்படியான வரி. பேரன் என் கையிலிருந்து அந்த அட்டையை அவ்வளவு அன்பாக வாங்கி மூடினானே, அந்த வரியும் அதற்குள்தான் இருந்தது.

எல்லாத் தவேர்னாவும் இப்படியில்லை. நேற்று மதியம் பிரேயஸ் துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். மீனை எங்கள் கண்முன்னே தராசில் வைத்து, எடையைக் காட்டி, விலையைச் சொல்லி, சரியா என்று கேட்டபிறகுதான் அடுப்பில் போட்டார்கள். தலையோடு வந்தது. தர்பூசணி இலவசமாகத் தந்தார்கள், உண்மையிலேயே இலவசமாக. அம்மா அங்கே யாருடனும் பேசவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். 294 யூரோவைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விமானத்துக்கு அழைக்கிறார்கள், வரிசை நகர்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மீனைத் தராசில் வைத்து எடையும் மொத்த விலையும் சொன்னபிறகுதான் சம்மதியுங்கள். தலையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்காத ரொட்டி வந்தால் விலை கேளுங்கள். பேனாவால் எழுதிய பில்லை மேசையில் வைத்ததுமே படம் எடுங்கள். அச்சிட்ட ரசீது வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள். கார்டு பழுது என்றால் அங்கே உட்கார்ந்தபடியே 1571 அழையுங்கள், எழுந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. அப்பா கையை ஆட்டுகிறார், போகிறேன்.