சிவப்புத் துணியை எப்படிக் கட்டுவது: முடிச்சா, டியூப் ரப்பரா, காந்தமா, தட்டியா?

ஹார்டுவேர் கடை வாசலில் குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டியில்) கம்பி ஏற்றி, கயிறு இறுக்கி, பில்லும் வாங்கிய பிறகு கடைசியாகத் தேடுவது சிவப்புத் துணியைத்தான். கிடைத்த துணியை, வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கம்பி நுனியில் முடிச்சுப் போட்டுவிட்டால் வேலை தீர்ந்தது. வண்டி நகர்ந்ததும் துணி படபடவென்று பறக்கும். ரோட்டோரம் நின்று பார்ப்பவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது யாருக்காகக் கட்டப்பட்டதோ, அவர் நேர் பின்னால் பைக்கில் வருகிறார். ஒரு முனையில் மட்டும் கட்டிய துணி காற்றில் பின்னோக்கி நீளும்போது அவர் கண்ணில் படுவது துணியின் அகலம் அல்ல, அதன் ஓரம். சிக்னலில் வண்டி நின்றால் அதே துணி சுருண்டு கயிறு மாதிரித் தொங்கும். கொடியின் தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை மாட்டும் முறையைப் பற்றிப் பேசுவதில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். "சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம், அதனால் நீட்டிக்கொள்ளலாம்" என்பது பழைய கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதி 93, கம்பம், கம்பி போன்றவை வண்டியின் பின் முனையிலிருந்து ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க முன்பு இடம் கொடுத்தது. 2014இல் வந்த திருத்தம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில், லோடு பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ வரம்பை மீறினால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கி வைக்கும் கூலியும் நம் தலையில்தான். கொடி இருந்தால் அபராதம் குறையும் என்று எங்கும் எழுதியில்லை.

ஆகவே, கொடிகளை ஒப்பிடும் முன் அவற்றுக்கெல்லாம் போட்டியான இன்னொரு வழியைப் பார்க்க வேண்டும். அது நீட்டாமலேயே ஏற்றுவது. டிஎம்டி கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. மெல்லிய கம்பிகளை நடுவில் மடக்கினால் 6 மீட்டராகும். அதுவும் குட்டி யானைக்கு அதிகம், ஏனென்றால் அந்த வண்டியின் மொத்த நீளமே 3.8 மீட்டர்தான். கேபின் மேல் சாய்த்து வைத்தாலும் முன்னும் பின்னுமாக இரண்டு மீட்டருக்கு மேல் வெளியே நிற்கும். 20 அடி பிவிசி பைப்புக்குப் பதில் 10 அடி பைப் கேட்டால் பல வேலைகளுக்கு அதுவே போதும். கூடுதலாக ஒரு சாக்கெட் செலவாகும், அவ்வளவுதான். கம்பிக்கு நீளமான பாடி உள்ள வண்டியை அழைப்பதே சரி. வாடகை வித்தியாசத்தை அபராதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் கொடி தேவைப்படும் இடங்கள் உண்டு. அனுமதி வாங்கிப் போகும் ஓடிசி (அளவு மீறிய) லோடுகள், அதாவது தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் காற்றாலை இறக்கைகள், திருச்சியிலிருந்து போகும் பாய்லர் பாகங்கள் போன்றவை ஒரு பக்கம். வைக்கோலும் கரும்பும் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் இன்னொரு பக்கம்.

கொடியின் அளவு என்ன என்பதற்கு வெளிநாட்டு விதிகள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் லோடு பின்னால் 4 அடிக்கு மேலோ பக்கவாட்டில் 4 அங்குலத்துக்கு மேலோ நீட்டினால், குறைந்தது 18 அங்குலச் சதுரத்தில் சிவப்பு அல்லது ஒளிரும் ஆரஞ்சு நிறக் கொடி வேண்டும். நீட்டிய பகுதியின் அகலம் 2 அடிக்குள் இருந்தால் ஒன்று, தாண்டினால் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. ஜெர்மனியின் விதி அளவில் சிறியது, 30 சென்டிமீட்டர் சதுரம் போதும். ஆனால் கொடியை ஒரு குறுக்குக் கோல் விரித்துப் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் மாட்டக் கூடாது என்றும் சொல்கிறது. பின்னால் வருபவரின் கண்ணை நினைத்து எழுதிய விதி அது. என் ஓட்டு அந்தக் குறுக்குக் கோலுக்குத்தான்.

முடிச்சும் கட்டுக் கம்பியும்

செலவில்லாத வழி முடிச்சு. டிஎம்டி கம்பியின் மேலுள்ள வரிகள் துணியைக் கவ்விப் பிடிப்பதால் நழுவுவது குறைவு. ஆனால் வெட்டிய நுனியில் பிசிறு இருக்கும். கம்பிகள் ஒன்றோடொன்று உரசும்போது நடுவில் மாட்டிய துணி அறுந்து போகும். முடிச்சை நுனியில் போடாமல், ஒரு சாண் உள்ளே தள்ளி, கட்டின் வெளிப்பக்கம் வரும்படி போட்டால் ஆயுள் கூடும். பிவிசி பைப்பில் முடிச்சு நிற்கவே நிற்காது. பைப் வழவழப்பானது, நுனியோ குதித்துக்கொண்டே போகும். முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கழன்றுவிடும். துணியின் ஒரு முனையைப் பைப்புக்குள் திணிப்பவர்கள் உண்டு. காற்று அதையும் உருவிவிடும்.

நைலான் கயிறு பைப்பின் மேல் வழுக்கும். சணலும் தேங்காய் நார்க் கயிறும் பிடிக்கும். எந்தக் கயிறானாலும் ஒரு சுற்றுப் போட்டு முடிவதைவிட, மூன்று சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றை முதலிரண்டின் மேல் குறுக்காகப் போட்டு இறுக்கினால் நகராது.

கட்டுக் கம்பி, அதுதான் சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டப் பயன்படும் கறுப்புக் கம்பி, இரும்புக் கட்டில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் துணிக்கு அது எமன். துணியை நேராகக் குத்திக் கட்டினால் படபடப்பில் ஓட்டை பெரிதாகி, கம்பி மட்டும் மிஞ்சும். துணியின் ஓரத்தை இரண்டு மடிப்பாகத் தைத்து, பித்தளை ரிங் அடித்து, அந்த ரிங்கில் மாட்டினால்தான் தாங்கும். முறுக்கிய முனையை உள்பக்கமாக மடக்கிவிடுங்கள். இறக்கும்போது லோடுமேன் கையைக் கிழிப்பது அதுதான். கேபிள் டை போடுவதானால் கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் காய்ந்து, ஒரு நாள் சத்தமில்லாமல் முறியும்.

டியூப் ரப்பர்

பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட பைக் டியூப்பை நீளவாக்கில் இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டினால், இந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். நான்கு சுற்று முடிந்ததும் வாலைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகி இழுத்தால் முடிச்சே தேவையில்லை. பிவிசி, சவுக்கு, மூங்கில், அலுமினியம், இரும்பு எல்லாவற்றிலும் பிடிக்கும். கட்டு குலுங்கித் தளர்ந்தாலும் ரப்பர் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கயிற்றால் முடியாத காரியம் இது. வெடிப்பு விழுவது செருகிய மடிப்பில்தான். கட்டும் முன் அந்த இடத்தை நீட்டிப் பாருங்கள், கோடு கோடாகத் தெரிந்தால் வேறு பட்டை எடுங்கள்.

இரு முனையிலும் கொக்கி வைத்த, பைக் சீட்டில் பை கட்டும் ரப்பர் கயிறு இதைவிட வேகமாக மாட்டலாம். ஆனால் கொக்கி மாட்ட ஓர் இடம் வேண்டும். ஒற்றைப் பைப்பில் அந்த இடம் இல்லை. கழன்றால் கொக்கி நேராகப் பின்னால் வருபவரின் முகத்தை நோக்கிப் பறக்கும். கொடிக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

காந்தம்

ஆன்லைனில் காந்த அடி வைத்த கொடிகளைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். தட்டையான இரும்புத் தகடு, இயந்திரத்தின் பக்கச் சுவர், டிரெய்லர் பாடி ஆகியவற்றில் அருமையாக உட்காரும். கம்பிக் கட்டில் பயனில்லை. உருண்டையான, வரி போட்ட கம்பியோடு காந்தத்துக்கு உண்டாகும் தொடர்பு ஒரு கோடு அளவுதான், பிடிமானம் பெருமளவு போய்விடும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் இழுவிசைக் கணக்கு, காந்தத்தை நேராகப் பிய்த்து எடுக்கும்போது கிடைப்பது. கொடியைக் காற்று இழுப்பதோ பக்கவாட்டில். அந்தத் திசையில், அந்த விசையின் ஒரு சிறு பங்கிலேயே காந்தம் நகரத் தொடங்கிவிடும். ரப்பர் உறை போட்ட காந்தம் வழுக்குவது குறைவு என்பதால், வாங்குவதானால் அதை வாங்குங்கள். அலுமினியத்திலும் மரத்திலும் ஒட்டாது என்பது தெரிந்ததே. சமையலறை ஸ்டீல் வகைத் தகடுகளிலும் பெரும்பாலும் ஒட்டாது. மாட்டும் முன் காந்தத்தின் முகத்தில் சேர்ந்திருக்கும் இரும்புத் தூளைத் துடைக்க வேண்டும். மெல்லிய தூள் படலம்கூடப் பிடியைக் குறைக்கும்.

ஓடிசி லோடில் ஓரமாக நீட்டிய தகடுக்குக் காந்தத்தைவிட, சின்ன சி-கிளாம்ப் வைத்து மாட்டும் கொடிக் கோல் நம்பகமானது. அதிர்வில் ஸ்குரூ தளரும். ஒரு லாக் நட் போட்டு, முதல் டீக்கடை நிறுத்தத்தில் மறுபடி இறுக்கிப் பார்த்தால் போதும்.

தட்டி

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்னால் நீட்டும் லோடுக்கு 50 சென்டிமீட்டர் சதுரத்தில், சிவப்பும் வெள்ளையும் சாய்வுப் பட்டையாக ஒளி திருப்பும் தட்டியை மாட்டுகிறார்கள். பார்வைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. சுருளாது, நின்றாலும் ஓடினாலும் ஒரே முகம், இரவில் ஹெட்லைட் பட்டதும் பளிச்சென்று திருப்பி அடிக்கும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, அதன் எடையும் அது வாங்கும் காற்றும்தான். அந்தச் சதுரத்தின் மேல் 60 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. 80இல் அது 9 கிலோவை நெருங்கும். வண்டியின் மறைவில் காற்று குறைவு என்றாலும், லோடு சற்று உயரமாக நீட்டிக்கொண்டிருந்தால் முழு அடியும் தட்டிக்குத்தான். ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் பம்பரம் போலச் சுற்றி ஓரத்தைக் காட்டும். மேலே இரண்டு மூலையிலும் கட்டி, கீழ்மூலை ஒன்றிலிருந்து லோடுக்கு ஒரு தளர்ந்த கயிறும் போட வேண்டும். குட்டி யானைக்காரருக்கு இது பெரிய வேலை. தினமும் நீள லோடு அடிக்கும் லாரிக்கு ஒரு முறைச் செலவு.

செய்துகொள்ளக்கூடிய நடுவழி

துணியின் லேசும் தட்டியின் முகமும் சேர்ந்த ஒன்றைத் தையல் கடையில் செய்துவிடலாம். 45 சென்டிமீட்டர் சதுரம் நிற்கும்படி சிவப்பு பாலியஸ்டர் துணி எடுத்து, மேலேயும் கீழேயும் குழல் மாதிரி மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். மேல் குழலில் அரை அங்குல எலக்ட்ரிகல் பைப், 60 சென்டிமீட்டர் நீளம், இரு பக்கமும் சற்று வெளியே நீட்டியபடி. கீழ் குழலில் 8 எம்.எம். கம்பித் துண்டு, 40 சென்டிமீட்டர். இதன் எடை ஏறக்குறைய 160 கிராம். துணியைக் கீழே இழுத்து விரித்து வைக்க அந்த எடை போதும், பறந்து அடிக்கும் அளவுக்கு அதிகமும் அல்ல. கம்பி நழுவி விழாமலிருக்கக் கீழ் குழலின் இரு வாயையும் தைத்து மூட வேண்டும். இதை மறந்தால் கொடியே ஆபத்தாகிவிடும். நடுவில் 5 சென்டிமீட்டர் அகல ரிஃப்ளெக்டிவ் பட்டையைக் குறுக்காகத் தைத்துவிடுங்கள். ஒட்டினால் மழையில் உரியும். பருத்தி வேண்டாம்: வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகும், நனைந்தால் கனத்துச் சுருளும்.

மாட்டும்போது முதலில் நுனியிலிருந்து ஓரடி உள்ளே கம்பிகளை ஒரே கட்டாக இறுக்குங்கள். தனியாக ஒரு கம்பி மட்டும் கூடுதலாக நீட்டினால் அதை உள்ளே தட்டுங்கள், முடியாவிட்டால் கொடி அந்தக் கம்பிக்குத்தான். மேல் பைப்பைக் கட்டுக்குக் குறுக்காக வைத்து, இரண்டு இடத்தில் டியூப் பட்டையால் பெருக்கல் குறி மாதிரிச் சுற்றுங்கள். கொடிக்குப் பின்னால் நுனி ஒரு சாணுக்கு மேல் நீட்டக் கூடாது. நுனிகளின் மேல் பழைய சாக்கை நான்காக மடித்து மூடிக் கட்டினால், மோதினாலும் குத்து குறையும். தொங்கும் துணி டெய்ல் லேம்பையோ நம்பர் பிளேட்டையோ மறைக்கிறதா என்று பத்தடி பின்னால் போய், பைக் ஓட்டுபவரின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்.

வைக்கோல், கரும்பு லோடில் கட்டுவதற்கே இடம் இருக்காது. ஒன்றரை அடிக் கூர்க்குச்சியைப் பக்கவாட்டில் சொருகி, அதன் தலையில் இதே கொடியை மாட்டலாம். கரும்புத் தோகையிலேயே துணியைக் கட்டினால் ஓரமெல்லாம் தோகை புரண்டு துணியை மூடிவிடும். பக்கவாட்டில் பிதுங்கிய லோடுக்கு முன் ஓரம், பின் ஓரம் என ஒரு பக்கத்துக்கு இரண்டு வேண்டும். எதிரே வருபவருக்கும் அது தெரிய வேண்டும்.

இருட்டிய பிறகு

இங்கே துணிகள் எல்லாம் ஒரே மதிப்பெண், பூஜ்யம். வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண்ணுக்கு முதலில் கறுப்பாகிப்போகும் நிறம் சிவப்பு. ஆறரை மணி அந்தியில் பச்சை இலை தெரியும்போதே சிவப்புத் துணி கருந்துணியாகிவிடும். ஒளிரும் ஆரஞ்சும் பகல் வெளிச்சத்தை நம்பித்தான் ஒளிர்கிறது. இரவில் உதவுவது இரண்டு: ஹெட்லைட்டைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டிவ் பட்டை, தானாக எரியும் சிவப்பு விளக்கு. பட்டை பின்னால் வருபவரின் ஹெட்லைட்டை நம்பியிருக்கிறது. அது டிம்மில் இருந்து, லோடு உயரத்தில் இருந்தால் போதிய வெளிச்சம் படாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை நொடி யோசிப்பதற்குள் 25 மீட்டர் போய்விடும், பிரேக் அதற்குப் பிறகுதான். அதனால் விளக்குதான் முதல், பட்டை அதற்குத் துணை. சைக்கிளுக்கு விற்கும் பேட்டரி விளக்கு ஒன்றைக் கொடியின் மேல் பைப்பிலேயே மாட்டிவிடலாம். கண்ணாடி முகம் தரையைப் பார்க்காமல் நேர் பின்னால் பார்க்கட்டும். லோடு ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்குவதால் இது எளிதில் மாறிவிடும். கிளம்பும்போது பகலாக இருந்தாலும் விளக்கைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், செங்கல்பட்டு டோலில் நின்றால் எத்தனை மணிக்கு நகரும் என்று யாருக்கும் தெரியாது.