எந்த ஓவியம் மேல்: டவர் ஹில்லா, ரோட்டோமஹானாவா?

இரண்டுமே 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக் குடியேறிகள் வரைந்த எரிமலை ஏரிகள். நியூசிலாந்தின் ரோட்டோமஹானாவை வரைந்தவர் சார்லஸ் ப்ளோம்ஃபீல்ட். ஏரிக்கரையில் படிப்படியாக இறங்கும் வெள்ளைச் சிலிக்கா மேடைகள். 1886 ஜூன் 10 அன்று தரவேரா மலை வெடித்ததில் அந்தக் காட்சியே போய்விட்டது. அப்புறமும் அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். பார்த்தால் மனசு கனக்கும்.

ஆனாலும் எனக்கு ஒரு படி மேலே நிற்பது ஆஸ்திரேலியாவின் டவர் ஹில்தான். 1855இல் யூஜின் வான் கெரார்ட் வரைந்தது. கிட்டப்போய்ப் பாருங்கள்: முன்புறச் செடிகளை இனம் பிரித்துச் சொல்லலாம், அவ்வளவு நுணுக்கம். குடியேறிகள் மரம் வெட்டி, மாடு மேய்த்து மொட்டையாக்கிய அந்த இடத்தில் 1960களில் மறுபடி காடு வளர்க்க இறங்கியபோது, என்னென்ன நடலாம் என்பதற்கு இந்த ஓவியத்தைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். இன்று அங்கே ஈமு நடமாடுகிறது.