பின்புறம் அமர்ந்துபோன வண்டியும் சேலத்துப் பட்டறையும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கடந்த டிசம்பரில் ஊருக்கு வந்து, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் தங்கிய முதல் நாள் காலையில், வாசலில் நின்ற அவருடைய பழைய ஜப்பானியத் தயாரிப்பான நான்கு சக்கர இயக்க வண்டி, உட்காரும் நாயைப் போலப் பின்புறத்தைத் தரையை நோக்கித் தாழ்த்தியிருந்தது. சாவியைத் திருப்பியதும், பின்புறத்தைக் காற்றால் தூக்கும் கம்ப்ரசர் முனகத் தொடங்கியது. பத்து நிமிடம் கழித்து வலப்புறம் மட்டும் அரைமனத்துடன் எழுந்தது. "ரெண்டு மாசமா இப்படித்தான் கண்ணு, ஓட்டினா சரியாப் போயிடும்" என்றார் சித்தப்பா.

அது சரியாகப் போகிற நோயன்று. இவ்வகை வண்டிகளில் பின் அச்சின் மேல் இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் பைகள் இருக்கும். உயரத்தை அளக்கும் சென்சார் சொல்வதற்கேற்ப, சுமை ஏறினால் கம்ப்ரசர் காற்றை நிரப்பும், சுமை இறங்கினால் வால்வு காற்றை வெளியேற்றும். ரப்பர் மடிப்புகளில் மலைப்பாதையின் செம்மண்ணும் பொடிக்கல்லும் புகுந்து, வருடக்கணக்கில் உராய்ந்து, வெடிப்பு விழுந்தால் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட ஓய்வின்றி ஓடும் கம்ப்ரசர், பிறகு தானும் தீய்ந்துபோகும். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது இடப்பக்கப் பையின் அடி மடிப்பிலும், எலி கடித்திருந்த காற்றுக் குழாயிலும் குமிழிகள் வந்தன. குழாயை மாற்றுவது எளிது, பைதான் செலவு.

முதலில் சேலத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையம் ஒன்றுக்கு வண்டியை இறக்கினோம். வரவேற்பு, குளிரூட்டிய அறை, காப்பி ஆகியவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அங்கிருந்த ஆலோசகர் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தே விடை சொன்னார். இரண்டு பைகளையும் கம்ப்ரசரையும் மாற்ற 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் ஆகும் என்றும், பாகங்கள் வந்து சேர ஆறு வாரம் ஆகலாம் என்றும் மதிப்பீடு தந்தார். வண்டி எதை ஏற்றுகிறது, எந்தச் சாலையில் ஓடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்ற முடியுமா என்று வினவியபோது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை நியாயமானதே. 2019இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியிருக்கிறது. எனினும் இதே மாடலின் விலை குறைந்த வகையில், இதே அச்சில், இதே இடத்தில், தயாரிப்பாளரே சுருள் ஸ்பிரிங் பொருத்தி விற்றிருந்தார். அந்த வகைக்குரிய அசல் பாகங்களையே பயன்படுத்துவது என்றும், காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுவது என்றும் முடிவு செய்தோம்.

உறவினர் ஒருவர் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையைக் காட்டினார். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிகளால் வாழும் ஊர்கள் ஆதலால், இந்த வட்டாரத்தில் ஸ்பிரிங் வேலை அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இந்த மேஸ்திரியும் லாரியின் பட்டை ஸ்பிரிங்கான கமான் பட்டையில் கை பழகியவர்தான். வண்டிக்கு அடியில் போகும் முன்பே அவர் கேட்ட கேள்விகள்தாம் எனக்குப் பிடித்தன: "எத்தனை மூட்டை ஏத்துவீங்க அக்கா? தினமுமா, அறுவடைக்கு மட்டுமா? மீதி நாள் காலியாவா ஓடும்?" வருடத்தில் மூன்று மாதம் ஐந்து மூட்டை, மற்ற நாட்களில் இரண்டு பேர் என்று சித்தப்பா சொன்னார். அப்படியானால் கனத்த ஸ்பிரிங் வேண்டாம், அசல் கனமே போதும் என்று மேஸ்திரி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தைச் சற்று விளக்க வேண்டும். மற்ற அளவுகள் மாறாதிருக்க, சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடும். 14 மில்லிமீட்டர் கம்பியை 15 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 32 விழுக்காடு ஏறிவிடும். ஒரு மில்லி என்று அலட்சியமாக வாங்கியவர்கள் காலி வண்டியில் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை ஆஸ்திரேலியாவில் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்றுப் பையில் சுமைக்கேற்ப அழுத்தமும் ஏறுவதால், காலியாகவும் நிறைவாகவும் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். சுருளுக்கு அந்தத் திறமை இல்லை. ஆதலால் எந்தச் சுமைக்கு ஏற்றதாக வாங்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

உள்ளூரிலேயே சுருள் சுற்றித் தரும் இடம் உண்டு, பாதி விலைதான் என்றும் மேஸ்திரி சொன்னார். எஃகைப் பதப்படுத்திய விதம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நான் மறுத்தேன்; அவர் வருத்தப்படவில்லை. செவ்வாய்பேட்டையில் ஒரு கடையில் "ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் போட வேண்டும்" என்று நான் சொன்னதைக் கேட்ட கடைக்காரர், ஸ்டீயரிங்கில் இருக்கும் உயிர்காக்கும் பையை எடுக்கப்போகிறேன் என்று எண்ணித் திகைத்தார். பேருந்து மெக்கானிக்குகள் சொல்வது போல "பெல்லோ" என்றதும் புரிந்துகொண்டார். சென்னையிலிருந்து ஸ்பிரிங், அதன் மேல் முனை அமரும் ரப்பர் இருக்கை, அச்சு சட்டத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் அனைத்தும் நான்காம் நாள் பார்சல் லாரியில் வந்தன.

வேலை ஒரு பகலில் முடிந்தது. முதலில் காற்றை முழுவதும் வெளியேற்றி, கம்ப்ரசரின் ஃபியூஸைப் பிடுங்கி, வண்டியின் அடிச்சட்டத்தைத் தாங்கியில் நிறுத்தி, பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாதபடி அச்சை மெல்ல இறக்கினார்கள். எனக்கும் மேஸ்திரிக்கும் ஒரே ஒரு வாக்குவாதம் நடந்தது. அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் இணைப்புக் கம்பிகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இளைஞர் ஒருவர் முறுக்கத் தொடங்கினார். அப்படி இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்; எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். மேஸ்திரி ஒரு கணம் யோசித்துவிட்டு, "அக்கா சொல்றதுதான் சரி, கீழ இறக்குடா" என்றார். போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ஸ்பேனர் மட்டும் அங்கே இல்லை; பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்க ஒரு மணி நேரம் போயிற்று. இத்தனை தேர்ந்த கைகளுக்கு அந்த ஒரு கருவி இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது.

காற்று அமைப்பு வேலை செய்யவில்லை என்று மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். பின்னாளில் வண்டியை வாங்குபவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதால் எரியட்டும் என்று விட்டுவிட்டோம். கழற்றிய பாகங்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கின்றன. அந்தக் கம்ப்ரசரால் டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கலாமா என்று சித்தப்பா கேட்டதற்கு, மேஸ்திரி சிரித்தபடியே அதன் கருகிய மோட்டாரைக் காட்டினார்.

மொத்தச் செலவு 38,000 ரூபாய். ரசீது கேட்டபோது முதலில் ஒரு துண்டுத் தாளில் கூட்டல் கணக்கு வந்தது. காப்பீட்டுக்கு வேண்டும் என்று வற்புறுத்திய பின்னரே பாக எண்களுடன் முறையான பில் கிடைத்தது. ஊருக்கு வருபவர்கள் இதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

அன்று மாலையே அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினோம். வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் சாய்வது முன்னைவிடக் குறைந்திருந்தது. நாகலூர்க் கரடுமுரடுகளில் காலி வண்டி சற்றுத் துள்ளியது. மறுநாள் 250 கிலோ காப்பி மூட்டைகளை ஏற்றி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன்; காலியாக 55 சென்டிமீட்டர் இருந்தது 51 ஆகியிருந்தது. பின்புறம் தாழ்ந்ததால் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடித்தது. மூட்டை ஏற்றும் நாளில் விளக்கைத் தாழ்த்தும் திருகைத் தொட வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முன்பு காற்றுப் பை தானாகவே பார்த்துக்கொண்ட வேலை அது.

பெர்த் திரும்பிய மூன்றாம் வாரம் சித்தப்பாவை மீண்டும் அளக்கச் சொன்னேன். புது ஸ்பிரிங் சற்றே இறங்கி, இரு பக்கமும் ஐம்பத்து நான்கரையில் நின்றிருந்தது.