டிரெய்லர் சக்கரத்துக்குக் கிரீஸ்: கையால் வைப்பதா, மூடி வழியாக அடைப்பதா?

டிசம்பர் கடைசி வாரத்தில் ஆஸ்திரேலிய நெடுஞ்சாலையில் போகும்போது ஆண்டு தவறாமல் அந்தக் காட்சி கண்ணில் படுகிறது. சாலையோரப் புழுதியில் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் டிரெய்லர். அச்சு முனையில் சக்கரம் இல்லை. கூடாரமும் மிதிவண்டிகளும் புல்லில் இறக்கி வைக்கப்பட்டிருக்கும். விடுமுறைக்குக் கிளம்பிய குழந்தைகள் மர நிழலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே மனம் கசக்கிறது. பேரிங்கை யாராவது ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

கார் அன்றாடம் ஓடுகிறது. டிரெய்லரோ பத்து மாதம் வீட்டுப் பின்புறத்தில் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. பிறகு ஒரே நாளில் முழுச் சுமையோடு அறுநூறு கிலோமீட்டர் இழுபடுகிறது. நின்ற இடத்திலேயே பேரிங்கின் உருளைகளில் துருப்புள்ளி விழுந்துவிடும். ஆகவே எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இதில் பேரிங்கை என் கண்ணால் பார்க்க முடிகிறதா?

முடியும் என்று முழுமையாகச் சொல்லக்கூடியது கையால் கிரீஸ் வைக்கும் பழைய முறை ஒன்றே. டிரெய்லரைக் காரோடு பூட்டி, மறுபக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். தூசி மூடியைத் தட்டிக் கழற்றினால் உள்ளே பள்ளம் வெட்டிய நட்டும், அது கழன்றுவிடாமல் காக்கும் பிளவு ஊசியும் இருக்கும். நம் மாட்டு வண்டியின் கடையாணி செய்த வேலையைத்தான் அந்தச் சின்ன ஊசி செய்கிறது. ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, உருவியெடுத்து, இரண்டு பேரிங்குகளையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உருளை நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலும் அதே பொருள்தான். ஹப்புக்குள் அழுந்தியிருக்கும் வளையத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் பேரிங்கோடு சேர்த்து அதையும் மாற்றிவிட வேண்டும்.

பிறகு உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளின் இடையே கிரீஸ் பிதுங்கும் வரை வைப்பது. மேலே பூசினால் போதாது. பின்புற ரப்பர் சீலைப் புதிதாகப் போட வேண்டும். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, சற்றுத் தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் இறுக்கிப் புது ஊசி செருக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காரின் சக்கர நட்டுபோல் இதையும் முறுக்கினால், எவ்வளவு நல்ல கிரீஸ் வைத்திருந்தாலும் பேரிங் வெந்துவிடும். இரண்டு சக்கரத்துக்கு அரை நாள் போகும், கையெல்லாம் அழுக்காகும். ஆனாலும் என் பெட்டி டிரெய்லருக்கு நான் செய்வது இதைத்தான்.

இதற்குப் போட்டியாக வந்தது ஸ்பிரிங் மூடி. தூசி மூடி இருக்கும் இடத்தில் இதை அடித்துப் பொருத்திவிட்டு, முன்பக்க நிப்பிளில் கிரீஸ் கன்னை (கிரீஸ் அடைக்கும் பம்பை) வைத்து அடைக்கலாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிரீஸை லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும். படகு டிரெய்லருக்கு இது பிறவிப் பொருத்தம். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப்பைச் சரிவில் தண்ணீருக்குள் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்பு நீரை உறிஞ்சும். ஸ்பிரிங்கின் அழுத்தம் அந்த உறிஞ்சலை எதிர்த்து நிற்கிறது. தண்ணீரில் இறங்காத டிரெய்லருக்கு இது தரும் நன்மை சொற்பம். முன்னால் அடைத்த புதுக் கிரீஸ் பின் பேரிங்கைப் போய்ச் சேரும் என்பதற்கும் உறுதியில்லை. மூடியில் கிரீஸ் பளபளப்பதைப் பார்த்து ஐந்தாண்டு திறக்காமல் விடுபவர்களை எனக்குத் தெரியும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

துளையிட்ட அச்சு இதைவிட மேல். அச்சின் உள்ளே போகும் துளை வழியாகக் கிரீஸ் பின் பேரிங்குக்கும் சீலுக்கும் நடுவே இறங்கி, அந்தப் பேரிங்கைக் கடந்து, முன் பேரிங் வழியாக வெளியே வரும். பழைய கிரீஸ் தள்ளப்பட்டு வருவதால் அதன் நிறத்தையாவது பார்க்கலாம். ஆனால் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே, கையால் இயக்கும் கன்னில் நிதானமாக அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் பின் சீல் பிய்ந்து கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் வழியும். கிரீஸ் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இவ்வகை அச்சு செய்யும் அமெரிக்க நிறுவனமான டெக்ஸ்டரே 12 மாதம் அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பேரிங்கைக் கவனிக்கச் சொல்கிறது.

பேரிங்கைத் திறக்க முடியாதபடி சீல் செய்த ஹப்பில் நமக்கு வேலையே இல்லை. சத்தம் வந்தால் அல்லது ஆட்டம் கண்டால் மாற்றுவதோடு சரி. ஐரோப்பிய கேரவன்களில் பரவலான அல்-கோ அச்சில் ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டை 290 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஒருமுறை கழற்றியதை மறுபடி போடக்கூடாது. பட்டறை அருகில் இருப்பவருக்கு இது நல்ல தேர்வு. ஆளில்லாத நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் கைவசம் இருக்கும் ஸ்பேனரால் எதுவும் செய்ய முடியாது.

எதைத் தேர்ந்தாலும் கிரீஸ் வகையை மாற்றும்போது பழையதை முழுக்கக் கழுவிவிடுங்கள். லித்தியம் கிரீஸும் களிமண் கிரீஸும் கலந்தால் இளகி ஓடிவிடும். புறப்பட்ட இருபது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பிரேக் இல்லாத 750 கிலோ டிரெய்லர்களில் ஹோல்டன் அளவு, ஃபோர்டு அளவு என்று கார்களின் பெயரில் இரண்டு வகைப் பேரிங் புழங்குகிறது. ஒன்று மற்றதில் பொருந்தாது. பேரிங்கில் பொறித்த எண்ணைப் படித்து, அதே அளவில் ஒரு ஜோடி வாங்கிக் கிரீஸ் வைத்து, புதுச் சீலும் பிளவு ஊசியும் சேர்த்து டப்பாவில் போட்டுக் காரின் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன்.