வெள்ளவத்தை அறையில் ஒரு வால்வு கொம்பிரசர்: வார்ம் ஓடியோ டபிள்யூஏ-2ஏ

வீட்டில் பாட்டு மிக்ஸ் செய்கிறவர் வால்வுச் சாமான், அதாவது வெற்றிடக் குழாயில் ஓடும் கருவி, வாங்க நினைத்தால் ஒன்றே ஒன்று போதும். அதையும் குரலுக்கென்று வாங்குங்கள். டபிள்யூஏ-2ஏ ஒரு கொம்பிரசர், சத்தம் கூடும் இடத்தை அமுக்கி ஒலியை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பெட்டி. அதைப் பற்றி நான் சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு வேலையை வைத்துத்தான்.

காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவே ஒரு மேல்மாடி அறையில் நான் வேலை செய்கிறேன். பக்திப் பாடல்கள், குறும்பட இசை, ஆடிவேல் காலத்தில் வேல் பாட்டுகள். பெரும்பாலும் ஒரு பாடகர், ஒரு சுருதிப்பெட்டி, ஒரு மிருதங்கம் அல்லது தபேலா, மீதி எல்லாம் கீபோர்ட். இப்படிப்பட்ட பாட்டில் குரல் சரியாக உட்கார்ந்துவிட்டால் முக்கால்வாசி மிக்ஸ் முடிந்த மாதிரி.

டபிள்யூஏ-2ஏயின் மூல வடிவம் டெலிட்ரொனிக்ஸ் எல்ஏ-2ஏ. 1960களில் ஜிம் லோரன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வானொலி ஒலிபரப்புக்காக வடிவமைத்தது. உள்ளே வரும் ஒலி ஒரு சின்ன ஒளிர்தகட்டை ஒளிரச் செய்யும். அந்த வெளிச்சம் எதிரே உள்ள ஒளியுணர் தடையில் விழும். சத்தம் கூடக் கூட வெளிச்சம் கூடும், ஒலி அமுங்கும். அமுங்கியதைத் திரும்பத் தூக்கி வெளியே அனுப்புவது வால்வுகள். ஆகவே ‘வால்வு கொம்பிரசர்’ என்று நாம் சொன்னாலும் அமுக்குவது வெளிச்சம்தான். இந்தப் பெட்டியின் அழகில் பாதிக்கு மேல் அந்த வெளிச்சம் கூடிக் குறையும் நேரக்கணக்கில் இருக்கிறது என்பது என் முடிவு.

அந்தக் கணக்கு தமிழ்ப் பாட்டுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். அமுக்கத் தொடங்க ஏறத்தாழ 10 மில்லி செக்கன் எடுக்கும். விடும்போது முதல் பாதியை 60 மில்லி செக்கனில் விட்டுவிட்டு, மீதியை அரைச் செக்கன் முதல் ஐந்து செக்கன் வரை மெதுவாக விடும். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக அமுங்கியிருந்ததோ அவ்வளவுக்குத் தாமதிக்கும். இப்போது க்க, ட்ட, த்த, ற்ற வரும் ஒரு சொல்லைப் பாடிப் பாருங்கள். வாய் ஒரு கணம் அடைபட்டு, பிறகு வெடித்துத் திறக்கும். அந்த அடைப்பு 60 மில்லி செக்கனைத் தாண்டி நீளும். அதற்குள் பெட்டி பாதிப் பிடியை விட்டுவிடுகிறது. வெடிப்பு வரும்போது மறுபடி பிடிக்க அதற்கு அவகாசம் போதாது. அதனால் வல்லினம் கூர்மையாகக் காதில் விழுகிறது, அடுத்து வரும் நீண்ட உயிரொலி மட்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. 1176 வகைக் கொம்பிரசர் 20 முதல் 800 மைக்ரோ செக்கனுக்குள் பிடித்துவிடும். அதைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் ‘பற்று’ என்ற சொல் மழுங்கிப்போகும். வரி விளங்காத பக்திப் பாட்டை யார் கேட்பார்கள்?

முன்பக்கத்தில் வேலைக்கு இரண்டே திருகிகள்: எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு தூக்குவது. உச்சத்தில் பாடும் சரண வரிகளில், அமுக்கத்தைக் காட்டும் மீட்டரின் முள் 3 முதல் 5 டெசிபெல் வரை விழும்படி வைக்கிறேன். அனுபல்லவியில் முள் அசையாமல் நின்றால் அதைப்பற்றிக் கவலைப்படுவதில்லை.

வால்வின் பங்கு தனிக் கதை. 12ஏஎக்ஸ்7 போன்ற மும்முனை வால்வைச் சற்று அழுத்தினால் முதலில் வருவது இரண்டாம் இசையம், அதாவது பாடும் சுரத்தின் மேல்ஸ்தாயி. ஒற்றைக் குரலில் அது உடம்பு சேர்க்கும். ஆனால் பலர் ஆசைப்பட்டு முழு மிக்ஸையும் வால்வுக்குள் விடுகிறார்கள். அங்கேதான் கலங்கும். இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிதாகப் பிறக்கும். சட்ஜம் 200 ஹேர்ட்ஸ், பஞ்சமம் 300 என்றால் 100 உம் 500 உம் வரும். ஒன்று கீழ்ச் சட்ஜம், மற்றது அந்தர காந்தாரம். காதுக்கு இதம். அதே சட்ஜத்தின்மேல் சுத்த ரிஷபம் 213 இல் நின்றால் கூட்டல் 413. மேல்சட்ஜம் 400, மேல்ரிஷபம் 427. இந்த 413 எந்தச் சுரமும் இல்லை. மாயாமாளவகௌளையில் ஒரு பாட்டைச் சுருதிப்பெட்டியோடு சேர்த்து வால்வில் அழுத்திப் பாருங்கள், அந்த அழுக்கு கேட்கும். சுருதியையும் குரலையும் தனித்தனி ட்ராக்காகவே வைத்திருங்கள். நாதஸ்வரத்துக்கும் இது வேண்டாம்; அதற்குச் சொந்தமாகவே வேண்டிய அளவு இசையங்கள் உண்டு. மிருதங்கத்தில் மெதுவான விடுப்பு தொப்பியின் கும்காரத்தை அலைக்கழிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘வால்வு’ என்று பெரிதாக எழுதி மலிவாக விற்கும் சில பெட்டிகள் வால்வுக்குச் சில பத்து வோல்ட் மட்டும் கொடுக்கின்றன. 12ஏஎக்ஸ்7இன் தரவுத்தாள் 100, 250 வோல்ட்டில்தான் அதன் இயல்பைக் காட்டுகிறது. பட்டினி போட்ட வால்வு சீக்கிரம் கரகரக்கும். எல்ஏ-2ஏ வழிவந்தவை முழு மின்னழுத்தத்தில் ஓடுபவை. அதனாலேயே பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிர் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இணைப்பது சுலபம். சவுண்ட் கார்டில் மிச்சமாக ஒரு லைன் அவுட், ஒரு லைன் இன் இரண்டும் வேண்டும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ரீஇன்சேர்ட் என்ற பிளகின் (உள்ளே சேர்க்கும் துணை மென்பொருள்), ஒலி பெட்டிக்குப் போய்வரும் தாமதத்தை அளந்து ஈடுசெய்யும். பெட்டி மோனோ, பாட்டின் நீளத்துக்கு ஓடவிட்டுத்தான் பதியவேண்டும். திருகிகளின் நிலையைக் கைபேசியில் படம் எடுத்து அந்தப் பாட்டின் ஃபோல்டரிலேயே போட்டுவிடுவேன். கோரஸ் குரல் எட்டு ட்ராக் என்றால் பிளகின்தான். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, இன்றைய பிளகின்கள் அவ்வளவு நெருங்கிவிட்டன. முன்குரலுக்கு மட்டும் பெட்டி. பதியும்போது பாட்டு முழுவதையும் இருந்து கேட்டே ஆகவேண்டும். மூச்சு, எச்சில் சத்தம், சுருதி விலகல் எல்லாம் அந்த ஓட்டத்தில்தான் எனக்குப் பிடிபடுகின்றன.

கொழும்புக்கென்று சில கவனங்கள். வேலைக்கு இருபது நிமிடம் முன்பே போட்டு வையுங்கள், மேலே ஒரு தட்டு காலியாக விடுங்கள், சூடு வெளியேறட்டும். கடற்காற்றில் ஜாக்குகள் பச்சை பிடிக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கொன்டாக்ட் கிளீனர் ஒன்று வாங்கி வைத்திருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள். மலிவான யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது தரும் சதுர அலை ஸ்பீக்கரில் ரீங்காரமாக வரும், அந்த நேரத்தில் பதியவேண்டாம்.

அறைச் சுவருக்கு இன்னும் ஒலியை உறிஞ்சும் ரொக்வூல் போடாதவர் முதலில் அதைப் போடட்டும், பிறகு நல்ல மைக், அதற்குப் பிறகு இது. வாங்கும்போது அமெரிக்காவை விட லண்டன் சொந்தக்காரர் மூலம் எடுப்பது நல்லது. அங்கும் 230 வோல்ட், பிளக்கும் நம் மூன்று சதுரக் கால் பிளக்கேதான். பொருத்தமான உதிரி வால்வு ஒரு செட்டையும் அதே பொதியில் போடச் சொல்லுங்கள்.